கிளர்ச்சியாளர் என்பவர் கிளர்கிறாரா, கிளறுகிறாரா?

ஆங்கிலத்தில் ‘அஜிடேட்டர்’ என்று வரும் இடத்தில் ஒருவர் கிளர்ச்சியாளர் என்று எழுதுகிறார், இன்னொருவர் கலகக்காரர் என்கிறார், செய்தித்தாளில் போராட்டக்காரர் என்று வருகிறது, சிலர் புரட்சியாளர் என்றே போட்டுவிடுகிறார்கள். இதில் எது சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அது திட்டா பாராட்டா? கேள்வி இதுதான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தச் சொல் அரசியலுக்குள் வந்தபோது அதற்கு இருந்த பொருள் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி’. அது எப்படி ‘சும்மா இருந்தவர்களைத் தூண்டிவிடும் ஆள்’ என்று ஆனது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

முதலில் வேர். லத்தீனில் ‘அகெரே’ என்றால் ஓட்டு, செலுத்து. ஆடுமாடுகளை ஓட்டுவது, தேரைச் செலுத்துவது எல்லாம் அதுதான். ஏஜென்ட், ஆக்‌ஷன், அஜெண்டா எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. சமஸ்கிருதத்தில் ‘அஜ்’ என்ற வினை இதற்கு உறவு. அதே செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்தால் ‘அகிதாரே’. அப்படிச் செய்பவர் ‘அகிதாதோர்’. ரோம் நகரத்துப் பந்தயத் திடலில் நான்கு குதிரை பூட்டிய தேரை ஓட்டிய வீரர்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. கல்லறைக் கல்வெட்டுகளில் பெருமையாகப் பொறித்துக்கொண்ட பட்டம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ‘சிந்திப்பது’ என்பதற்கான லத்தீன் சொல்லான ‘கோகிதாரே’யும் இதே வீட்டுப் பிள்ளைதான், ‘கோ’ என்ற முன்னொட்டு சேர்ந்தது. மனதுக்குள் விஷயங்களைச் சேர்த்துப் போட்டுப் புரட்டுவதுதான் சிந்தனை. ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்’ என்று தத்துவவாதி தெகார்த் சொன்ன லத்தீன் வாக்கியத்தின் முதல் சொல்லான ‘கோகிதோ’வுக்குள் அஜிடேட்டர் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, அரசியலுக்கு வருவோம். ஆண்டு 1647, இடம் இங்கிலாந்து. மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த முதல் உள்நாட்டுப் போர் முடிந்து மன்னர் தோற்றுவிட்டார். நாடாளுமன்றத்துக்காகச் சண்டை போட்டு ஜெயித்தது 1645இல் உருவாக்கிய புதிய மாதிரிப் படை, அதன் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ். வேலை முடிந்ததும் நாடாளுமன்றம் என்ன செய்தது என்றால், படையில் ஒரு பகுதியைக் கலைத்துவிடலாம், இன்னொரு பகுதியை அயர்லாந்துக்கு அனுப்பிவிடலாம் என்று கிளம்பியது. சம்பளப் பாக்கி மட்டும் காலாட்படைக்கு 18 வாரம், குதிரைப்படைக்கு 43 வாரம். வீரர்கள் தங்கள் தளபதிக்கு ஒரு மனு எழுதினார்கள். பாக்கியைக் கொடுங்கள், போர்க்காலத்தில் செய்த செயலுக்காகப் பின்னால் எங்கள் மேல் வழக்குப் போடாமல் பாதுகாப்புக் கொடுங்கள், ஊனமானவர்களுக்கும் செத்தவர்களின் மனைவிமாருக்கும் வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். படித்தால் எந்த நியாயவானும் கையெழுத்துப் போடக்கூடிய மனு. மார்ச் மாத இறுதியில் நாடாளுமன்றம் அதற்குக் கொடுத்த பதில் என்னவென்றால், இந்த மனுவைத் தொடர்ந்து ஊக்குவிப்பவர்கள் அரசின் எதிரிகள், பொது அமைதியைக் குலைப்பவர்கள் என்று ஒரு பிரகடனம். 43 வாரச் சம்பளத்தைக் கேட்டதற்கு!

அதற்குப் பிறகுதான் வீரர்கள் தங்களுக்குள் ஆள் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். ஏப்ரலில் முதலில் குதிரைப்படைப் பிரிவுகள், பிறகு காலாட்படையும். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு வைத்த பெயர்தான் அஜிடேட்டர். அன்றைய ஆங்கிலத்தில் ஒருவருக்காக ஒரு காரியத்தை எடுத்து நடத்துவதற்கும் அந்த வினை வழங்கியது. ஏஜென்ட் என்று இன்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அது. சிலர் ‘அஜுடேட்டர்’ என்று வேறு மாதிரியாகவும் எழுதினார்கள், உதவியாளர் என்ற பொருளோடு கலந்துபோன எழுத்து. எட்வர்ட் செக்ஸ்பி, வில்லியம் ஆலன், தாமஸ் ஷெப்பர்ட் என்ற மூன்று சாதாரண வீரர்கள் ஏப்ரல் 30 அன்று நாடாளுமன்றத்தில் நிறுத்தி விசாரிக்கப்பட்டார்கள். பிரிவுகள் சார்பில் அவர்கள் கொண்டுவந்த கடிதத்தின் பொருள் என்ன என்று உறுப்பினர்கள் துருவிக் கேட்டபோது, எங்களைப் பிரிவுகள் அனுப்பியிருக்கின்றன, விளக்கம் வேண்டுமென்றால் அவர்களிடம் எழுதிக் கேட்டுச் சொல்கிறோம் என்ற தோரணையில் நின்றார்கள். பிரதிநிதி என்றால் அதுதானே.

ஜூன் மாதம் ஜார்ஜ் ஜாய்ஸ் என்ற ஒரு கீழ்நிலை அதிகாரி சுமார் 500 குதிரைவீரர்களோடு போய், ஹோல்டன்பி மாளிகையில் காவலில் இருந்த மன்னரையே படையின் கைக்குக் கொண்டுவந்தார். எந்த அதிகாரத்தில் வந்தாய், ஆணை எங்கே என்று மன்னர் கேட்டார். ஜாய்ஸ் பின்னால் அணிவகுத்து நின்ற வீரர்களைக் காட்டி, இதோ என் பின்னால் என்றாராம். இந்த நிகழ்ச்சியைப் பலர் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது அஜிடேட்டர் என்ற சொல்லுக்கான விளக்கமாகவே படுகிறது. மேலிருந்து வரும் தாளில் இல்லை அவருடைய அதிகாரம், பின்னால் நிற்பவர்களிடம் இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபர் 28 முதல் லண்டனுக்குப் பக்கத்தில் பட்னி என்ற ஊரில் அதிகாரிகளும் அஜிடேட்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து, யாருக்கு ஓட்டுரிமை என்பதை விவாதித்தார்கள். படையின் துணைத் தளபதி குரோம்வெல் தலைமை. சொத்து இல்லாதவனுக்கு ஓட்டு எதற்கு என்று அவர் மருமகன் அயர்ட்டன் வாதிட்டார். இங்கிலாந்தின் மிக ஏழையான மனிதனுக்கும் மிகப் பெரியவனைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று கர்னல் ரெய்ன்ஸ்பரோ சொன்னது அங்கேதான். எங்கள் பிறப்புரிமையை மீட்கத்தான் உயிரைப் பணயம் வைத்தோம், இப்போது எங்களுக்கு உரிமையே இல்லை என்கிறீர்களே என்று செக்ஸ்பி கேட்டதும் அங்கேதான். வில்லியம் கிளார்க் என்ற எழுத்தர் சுருக்கெழுத்தில் பிடித்துவைத்த அந்தக் குறிப்புகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அச்சுக்கு வந்தன. நவம்பர் 15இல் கார்க்புஷ் திடலில் சில பிரிவுகள் அடங்க மறுத்தபோது, மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்து, சீட்டுப் போட்டு, ரிச்சர்ட் ஆர்னால்ட் என்ற வீரரைச் சுட்டுக் கொன்றார்கள். அத்தோடு அஜிடேட்டர் ஏற்பாடும் மங்கி முடிந்தது.

ஆனால் சொல் சாகவில்லை, தோற்றவர்கள் இல்லாத நேரத்தில் ஜெயித்தவர்கள் கையில் மாட்டிக்கொண்டது. ‘அவர்கள் அனுப்பிய ஆள்’ என்ற பொருள் உதிர்ந்து, ‘அவர்களைக் கிளப்பிவிட்ட ஆள்’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவதில் குறை மக்களுடையது, ஆள் அதைச் சுமந்து வருகிறார். இரண்டாவதில் மக்களுக்குக் குறையே இல்லை, குளம் தெளிவாகத்தான் இருந்தது, இவர் இறங்கிக் கலக்கினார். ஒரு அரசுக்கோ முதலாளிக்கோ இரண்டாவது பொருள் எவ்வளவு வசதி! சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டாம், ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் போதும்.

அந்தச் சொல்லை வெட்கப்படாமல் தோளில் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அயர்லாந்தில் டேனியல் ஓ’கானல் 1823இல் கத்தோலிக்கச் சங்கம் தொடங்கி, மாதம் ஒரு பென்னி என்று ஏழைகளிடம் சந்தா வாங்கி, லட்சக்கணக்கானவர்களைத் திரட்டி, 1829இல் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்கார வழி செய்தார். அவருக்கு ‘அஜிடேட்டர்’ என்றே பெயர். 1891இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு எழுதினார்: அஜிடேட்டர்கள் என்பவர்கள் திருப்தியாக இருக்கும் ஒரு வர்க்கத்துக்குள் போய் அதிருப்தி விதையைத் தூவும், பிறர் காரியத்தில் தலையிடும் கூட்டம், அதனாலேயே இவர்கள் அவ்வளவு அவசியம் என்று. ரஷ்யர்கள் இதில் ஒரு தொழில்நுட்பப் பிரிவினையே செய்தார்கள். பல கருத்துகளைச் சிலருக்குச் சொல்பவர் பிரச்சாரகர், ஓரிரு கருத்தைப் பெருந்திரளுக்குச் சொல்பவர் அஜிடேட்டர் என்பது மார்க்சியர் பிளெகானவ் வகுத்தது, லெனின் 1902இல் அதை எடுத்து விரித்தார்.

எதிர்ப்பக்கம் ‘வெளியிலிருந்து வந்த அஜிடேட்டர்’ என்ற தொடர் அமெரிக்காவில் தொழிற்சங்கத்தினர் மேலும் பிறகு கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின் மேலும் வீசப்பட்டது. 1963 ஏப்ரலில் பர்மிங்காமில் எட்டு வெள்ளை மதகுருமார்கள், இந்த ஊர்வலங்களை நடத்துவதில் வெளியாட்களுக்குப் பங்கு இருக்கிறது என்று அறிக்கை விட்டார்கள். சிறையில் இருந்த மார்ட்டின் லூதர் கிங் எழுதிய பதிலில், எங்கள் அமைப்பின் உள்ளூர்க் கிளை அழைத்துத்தான் வந்தேன் என்று முதலில் சொல்லிவிட்டு, இந்த நாட்டுக்குள் வாழும் யாரும் இதன் எல்லைக்குள் எங்கும் வெளியாள் ஆக முடியாது என்று முடிச்சை அவிழ்த்தார்.

இந்தியா பக்கம் வந்தால் வடக்கே இதற்கு இணையாக ‘ஆந்தோலன்’ என்ற சொல் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் அதற்கு ஊசலாட்டம் என்று பொருள். கர்நாடக சங்கீதத்தில் பத்துக் கமகங்களில் ஒன்று ஆந்தோளம், ஸ்வரத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது. அசைப்பது, ஆட்டுவது என்ற அடிப்படை லத்தீனிலும் இதிலும் ஒன்றாக இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரதமர் மோடி மாநிலங்களவையில் ‘ஆந்தோலன்ஜீவி’ என்று ஒரு சொல்லைப் பயன்படுத்தினார், எந்தப் போராட்டம் நடந்தாலும் அங்கே போய் அதிலேயே பிழைப்பவர் என்ற பொருளில். 1647இல் நாடாளுமன்றம் செய்த அதே வேலையைத்தான் இந்தச் சொல்லும் செய்கிறது என்பது என் எண்ணம். பயிர் விலையைப் பற்றிய கேள்வி, யார் கேட்கிறார் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

இப்போது தமிழ். நான் அதிகம் பேச நினைத்தது இதைத்தான். ‘கிளர்’ பழைய தமிழ் வினை. மேலெழு, பொங்கு, ஒளி வீசு என்றெல்லாம் பொருள். நம்மாழ்வார் திருமாலிருஞ்சோலைப் பாசுரத்தை ‘கிளரொளி இளமை கெடுவதன் முன்னம்’ என்று தொடங்குகிறார். உள்ளிருந்து பொங்கி வரும் ஒளி அது, யாரும் ஏற்றிவைத்தது இல்லை. இதற்கு ஓசையில் பக்கத்தில் இன்னொரு வினை இருக்கிறது, ‘கிளறு’. உப்புமாவைக் கிளறுகிறோம், கோழி குப்பையைக் கிளறுகிறது. ஒரு எழுத்துத்தான் வேறு, ஆனால் இலக்கணம் தலைகீழ். கிளர்வது தானே எழுவது, கிளறுவது வேறொருவர் கரண்டி போடுவது. ஆங்கிலச் சொல்லின் வேர் ஓட்டுபவர், செலுத்துபவர். அதில் செயப்படுபொருள் ஒன்று கட்டாயம் வேண்டும். தமிழில் நாம் செய்துகொண்ட கிளர்ச்சி என்ற சொல்லோ தன்வினையில் நிற்கிறது. கிளர்ச்சியாளர் என்றால் எழுந்தவர். யாரையோ எழுப்பியவர் என்ற பொருள் சொல்லுக்குள் இல்லை, நாமாக ஏற்றுவதுதான். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்று 1938இலும் 1965இலும் அந்தப் போராட்டத்தில் இருந்தவர்களே தங்கள் செயலுக்கு மரியாதையாகப் பெயர் வைக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தூண்டுபவரைத் திட்ட வேண்டுமென்றால் தமிழ் வேறு வழி வைத்திருக்கிறது, ‘விடு’ என்ற துணைவினை. தூண்டிவிடுகிறான், கிளப்பிவிடுகிறான், மூட்டிவிடுகிறான், கிண்டிவிடுகிறான், உசுப்பிவிடுகிறான். தெருவில் பேசும்போது எல்லாவற்றிலும் அந்த ‘விடு’ வந்து, மற்றவனை முன்னால் தள்ளிவிட்டு இவன் பின்னால் நிற்கிறான் என்ற குற்றச்சாட்டைச் சேர்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கும் இரண்டு பொருளுக்கும் தமிழில் இரண்டு இடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் எல்லா இடத்திலும் கிளர்ச்சியாளர் என்றே எழுதுவது எனக்கு வருத்தம்தான்.

தன்வினையா பிறவினையா என்ற இந்தச் சண்டையைப் பாரதி இரண்டு பாட்டில் அப்படியே காட்டியிருக்கிறார். 1908 தூத்துக்குடி. கோரல் மில் என்ற நூல் ஆலையின் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு நீண்ட நேரம், வார விடுமுறைகூட இல்லாமல் உழைத்தவர்கள். பிப்ரவரி கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கியது, வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டுப் பேசினார்கள், மார்ச்சில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12 அன்று தலைவர்கள் கைது, அடுத்த நாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சிக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். அரசின் பார்வை தெளிவு: இரண்டு பேர் பேசினார்கள், அதனால்தான் ஊர் எரிந்தது. பாரதி கலெக்டர் விஞ்ச் பேசுவதாக எழுதிய பாட்டில் வினைமுற்றுகளைப் பாருங்கள். ‘நாட்டினாய், கனல் மூட்டினாய்’, ‘கோழைப்பட்ட ஜனங்களுக்கு உண்மைகள் கூறினாய், சட்டம் மீறினாய்’. எல்லாம் முன்னிலை ஒருமை, எல்லாம் பிறர்மேல் செய்த செயல். நீ, நீ, நீ. ஜனங்கள் வெறும் கோழைகள், நீதான் மூட்டினாய். அடுத்த பாட்டில் சிதம்பரம் பிள்ளை பதில் சொல்லும்போது ‘துஞ்சிடோம், இனி அஞ்சிடோம்’. தன்மைப் பன்மை! தனக்காக அவர் ஒரு வாதமும் வைப்பதில்லை. ‘நாங்கள் முப்பது கோடி ஜனங்களும் நாய்களோ’ என்று எண்ணிக்கையோடு கேட்கிறார். ஹோல்டன்பியில் ஜாய்ஸ் பின்னால் கையைக் காட்டிய அதே பதில்தான் இது. தமிழ் வினைவிகுதிகளை வைத்தே இவ்வளவு அரசியல் பேசிய இடம் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை, பள்ளியில் இந்த இரண்டு பாட்டையும் சேர்த்துவைத்துச் சொல்லித்தர வேண்டும்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கலகம் என்பது சமஸ்கிருதக் ‘கலஹ’த்திலிருந்து வந்தது, சண்டை சச்சரவு. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று நாம் சொல்வதால் கொஞ்சம் செல்லம் ஒட்டியிருக்கிறது, ஆனால் அரசு ஆவணத்தில் வரும்போது செல்லமெல்லாம் கிடையாது. 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டையில் நடந்தது ஆங்கிலேயருக்குச் சிப்பாய்க் கலகம், இன்றைய தமிழ்நாட்டுப் பாடநூலில் வேலூர்ப் புரட்சி. அங்கேயும் இதே வாதம் வந்தது கவனிக்க வேண்டியது. தோல் வைத்த புதுத் தலைப்பாகையும், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவும் சிப்பாய்களைக் கொதிக்கவைத்தன என்று ஒரு தரப்பு. கோட்டைக்குள் வைத்திருந்த திப்புவின் பிள்ளைகள்தான் தூண்டிவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பு. கடைசியில் உத்தரவு போட்ட தளபதி கிராடக்கும் ஆளுநர் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், தலைப்பாகை உத்தரவும் போனது.

புரட்சி, புரள் என்பதிலிருந்து வருவது, மேலது கீழாவது. 1917இல் ஜார் வீழ்ந்தபோது பாரதி ‘யுகப்புரட்சி’ என்று எழுதினார். 1933இல் பெரியார் தொடங்கிய வார இதழுக்கே ‘புரட்சி’ என்று பெயர். அதன்பிறகு கவிஞர், நடிகர், தலைவர் என்று பட்டங்களில் ஏறி ஏறி அந்தச் சொல்லின் கூர் மழுங்கிவிட்டது. அதனால்தான் அம்பேத்கர் 1942இல் நாக்பூரில் சொன்ன ‘எஜுகேட், அஜிடேட், ஆர்கனைஸ்’ என்ற மூன்று சொற்களில் நடுச்சொல்லான ‘அஜிடேட்’ என்பதைத் தமிழ்ச் சுவரொட்டிகள் ‘புரட்சி செய்’ என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது அவர் உண்டாக்கிய தொடரும் இல்லை, 1880களில் இங்கிலாந்து சோஷலிஸ்ட்கள் உறுப்பினர் அட்டையிலேயே அச்சிட்ட முழக்கம். கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்பதுதான் வரிசை. கிளர்ச்சியைத் தூக்கிக் கடைசியில் வைத்துப் புரட்சி ஆக்கினால், ஒன்றுசேர்ந்த பிறகு செய்யும் ஒரு பெரிய காரியம் போல ஆகிவிடுகிறது. அவர் அதை நடுவில் வைத்தார். படித்ததும் மனம் கொதிக்க வேண்டும், அந்தக் கொதிப்பில்தான் ஆட்கள் ஒன்றுசேர்வார்கள். மனதுக்குள் போட்டுப் புரட்டும் அந்தப் பழைய லத்தீன் பொருளும் இங்கே சரியாகப் பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்போது செய்தித்தாள்களில் ‘ஹூதி கிளர்ச்சியாளர்கள்’, ‘சிரியா கிளர்ச்சியாளர்கள்’ என்று ஆயுதம் ஏந்திய படைகளுக்கு இந்தச் சொல் போய்விட்டது. சுகாதாரக் கட்டுரைகளில் பாலியல் கிளர்ச்சி என்று வேறு வருகிறது. ஆகவே பேச்சாலும் கூட்டத்தாலும் மக்களைத் திரட்டும் ஒருவரைக் கிளர்ச்சியாளர் என்று மட்டும் எழுதினால் இன்றைய வாசகர் துப்பாக்கியைக் கற்பனை செய்துவிடும் ஆபத்து இருக்கிறது.

நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். 1647 படை பற்றியது என்றால் ‘படைவீரர் பிரதிநிதிகள்’ என்று எழுதி, அஜிடேட்டர் என்பதை அப்படியே ஒருமுறை சொல்வேன். ஓ’கானல், அம்பேத்கர் போல அந்தச் சொல்லைத் தாங்களே ஏற்றவர்கள் என்றால் கிளர்ச்சியாளர், கிளர்ச்சி. ஒரு போலீஸ் அறிக்கையோ ஆலை நிர்வாகமோ சொன்னது என்றால் ‘தூண்டிவிடுபவர்கள்’, அதுவும் மேற்கோள் குறிக்குள், சொன்னது யார் என்று அதே வாக்கியத்தில் போட்டு: ‘தூண்டிவிடுபவர்கள் என்று நிர்வாகம் குறிப்பிட்ட இருவர் கைதானார்கள்’ என்கிற மாதிரி. கூடவே அடுத்த வாக்கியத்தில் அந்தத் தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள், எத்தனை வாரக் கூலி பாக்கி என்பதையும் எழுதிவிடுங்கள்.